ஏர் ரைஃபிள் ஸ்டாக்: கடைக்குப் போகும் முன் உடம்பை அளந்து பாருங்கள்

10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்தாம் வளையம் என்பது 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளி. ஒரு கடுகை வைத்தால் மறைந்துவிடும். நாலரை, ஐந்து கிலோ ரைஃபிளை 75 நிமிடத்துக்குள் 60 முறை, நின்றபடியே, அந்தப் புள்ளிக்கு நேராக நிறுத்த வேண்டும். நல்ல மேட்ச் ரைஃபிளைப் பெஞ்ச் வைஸில் பூட்டிச் சுட்டால் பத்து பெல்லட்டும் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் விழும். அதே ரைஃபிள் உங்கள் கைக்கு வந்ததும் சிதறினால் குழலைக் குறை சொல்ல வழியில்லை. குழலுக்கும் உடம்புக்கும் நடுவில் இருப்பது ஸ்டாக். அது உங்களுக்கு ஏற்ற அளவில் இல்லையென்றால், ஒவ்வொரு முறையும் உடம்புதான் வளைந்து நெளிந்து ஸ்டாக்குக்கு ஒத்துப்போகும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நெளிய யாராலும் முடியாது.

கிளப்பில் சேர்ந்த இரண்டாம் வாரமே எல்லாரும் கேட்பது, "மரமா, அலுமினியமா, எது நல்லது?" என்று. அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் தெரிய வேண்டியது, நீங்கள் நிற்கும் நிலையில் உங்கள் உடம்பு கேட்கும் அளவு என்ன என்பது. அடுத்தது, இந்த ஸ்டாக் அந்த அளவு வரைக்கும் நகருமா என்பது. இரண்டுக்கும் பதில் கையில் இருந்தால் பழைய மர ஸ்டாக் போதும். இல்லையென்றால் எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய ஸ்டாக்கும் வீண்.

இங்கே சொல்வதெல்லாம் நின்று சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு, வலது கைக்காரரை வைத்து. இடது கைக்காரர்கள் இடத்தை வலமாக மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். படுத்துச் சுடுவதும் மேசையில் மணல்பை வைத்துச் சுடுவதும் வேறு கதை. மேசைக்கு அகலமான, தட்டையான அடிப்பாகம் வேண்டும், பின்பக்கமும் பையின் மேல் நேராக வழுக்கிப் போக வேண்டும். அந்த வடிவத்தை நின்று பிடித்தால் கை வலிதான் மிச்சம்.

பெயர்கள்

இடது கை தாங்கும் முன்பகுதி ஃபோர்எண்ட். அதன் அடியில் திருகிப் பூட்டும் கட்டை ஹேண்ட் ரைசர்: கை அதே உயரத்தில் இருக்க, ரைஃபிளை மட்டும் மேலே தூக்கித் தரும். வலது கை பிடிப்பது கிரிப். கன்னம் படுவது சீக் பீஸ். தோளில் பதிவது பட் பிளேட். டிரிகர் பிளேடிலிருந்து (ஆள்காட்டி விரல் இழுக்கும் நாக்கு) பட் பிளேட்டின் நடுப்பகுதி வரை உள்ள தூரத்தை 'லெங்த் ஆஃப் புல்' என்பார்கள். இங்கே ஸ்டாக் நீளம் என்றே வைத்துக்கொள்வோம்.

எந்தக் கண்

இதைப் பார்க்காமல் ஸ்டாக் வாங்கிவிட்டுப் பிறகு தலையில் கை வைப்பவர்கள் உண்டு. இரண்டு கையையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து ஒரு சின்ன முக்கோண ஓட்டை செய்யுங்கள். இரு கண்ணும் திறந்தபடி அந்த ஓட்டை வழியாகத் தூரத்துக் கதவுப் பிடியைப் பாருங்கள். இடது கண்ணை மூடியபோதும் பிடி ஓட்டைக்குள்ளேயே இருந்தால் உங்களுக்கு வலது கண் ஆளும் கண். ஓட்டையை விட்டு விலகினால் இடது.

வலது கைக்காரருக்கு இடது கண் ஆண்டால் இரண்டு வழி. 12, 13 வயதுப் பிள்ளை, இன்னும் கை பழகவில்லை என்றால் இடது தோளுக்கு மாற்றிவிடலாம், ஸ்டாக்கும் இடது கை ஸ்டாக்காக வாங்கலாம். கை பழகிவிட்டவர் இடது கண்ணை மறைக்கும் பட்டையைப் பின் சைட்டில் (கண்ணருகே உள்ள, ஓட்டை வழியாகக் குறிபார்க்கும் பகுதி) மாட்டிக்கொண்டு வலது தோளிலேயே தொடரலாம். எது என்று முடிவு செய்த பிறகுதான் கிரிப், சீக் பீஸ் பற்றிப் பேச முடியும், ஏனென்றால் அந்த இரண்டும் வலது, இடது என்று தனித்தனியாக வரும். 'ஆம்பி' என்று இருபக்கத்துக்கும் பொதுவாக விற்கும் ஸ்டாக் கிளப்புக்கு நல்லது. தனக்கென்று வாங்குபவருக்கு வேண்டாம்: இரண்டு கைக்கும் பொருந்தும்படி செய்த கிரிப் எந்தக் கையிலும் நிறைந்து உட்காராது.

ரைஃபிள் இல்லாமல் மூன்று அளவு

ஜாக்கெட், பேண்ட், ஷூ, கிளவ் எல்லாம் போட்டுக்கொண்டு அளவெடுங்கள். டி-சர்ட்டில் எடுத்த அளவு ஜாக்கெட் போட்டதும் செல்லாக்காசு. ஜாக்கெட் துணி 2.5 மி.மீ. வரை தடிக்கலாம் என்கிறது விதி. தோளில் பல அடுக்குகள் மடிந்து நிற்கும்போது ஸ்டாக் நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் சுலபமாகத் தின்றுவிடும்.

பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, இடது பக்கத்தை இலக்குக்குக் காட்டி நில்லுங்கள். இடுப்பைச் சற்று முன்தள்ளி, முதுகை லேசாகப் பின்சாய்த்து, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றுங்கள். கை தசையால் தூக்கவில்லை, எலும்பின் மேல் எலும்பாக நிற்கிறது என்று தெரிய வேண்டும். தலை நேராக, நடந்து போகும்போது இருப்பதுபோல் இருக்கட்டும். இப்போது கூட இருப்பவர் டேப்பை எடுத்து மூன்று அளவு எடுக்கட்டும்.

ஒன்று, தாங்கும் கையின் மேற்பரப்பிலிருந்து கண்மணி வரை செங்குத்து உயரம். இரண்டு, கண்மணியிலிருந்து, பட் பிளேட்டின் நடு பதியப்போகும் தோள்குழி வரை செங்குத்து உயரம். மூன்று, வலது கையை 90 பாகைக்கு மடக்கி, முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை உள்ள தூரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் அளவு 17 செ.மீ. என்று வையுங்கள். ரைஃபிளில் சைட் கோடு குழலின் நடுவிலிருந்து 6 செ.மீ. மேலே இருந்தால், மீதி 11 செ.மீ. குழல் நடுவிலிருந்து ரைசரின் அடிவரை இருக்க வேண்டும். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி 10 மீட்டர் ரைஃபிளில் இந்த ஆழம் 120 மி.மீ.யைத் தாண்டக் கூடாது என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் வரம்பு (விதிப் புத்தகம் அவ்வப்போது திருத்தப்படும், போட்டிக்கு முன் புதிய பதிப்பைப் பாருங்கள்). ஆக 11 செ.மீ. சரி. இதுவே கழுத்து நீண்டவர் ஒருவருக்கு முதல் அளவு 20 செ.மீ. வந்தால்? 14 செ.மீ. ரைசர் விதிக்குள் அடங்காது. அவர் உள்ளங்கையில் தாங்குவதை விட்டு முஷ்டி மடக்கித் தாங்கலாம், அதில் சில சென்டிமீட்டர் கிடைக்கும். சைட்டுக்கு அடியில் உயர்த்தும் கட்டை போடலாம். தலையைக் குனிவது மட்டும் வழியல்ல. குனிந்தால் கண் புருவத்துக்கு அடியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கும், அரை மணி நேரத்தில் பார்வை மங்கும், கழுத்து இறுகும்.

இரண்டாம் அளவு 18 செ.மீ. என்றால் அதில் 6 போக 12 செ.மீ.: குழல் நடுவுக்கு இவ்வளவு கீழே பட் பிளேட்டின் நடு வர வேண்டும். ஸ்டாக் வாங்கும்போது பட் பிளேட்டை எவ்வளவு கீழே இறக்க முடியும் என்று கேட்க வேண்டியது இதற்காகத்தான். பழைய மர ஸ்டாக்குகள் பலவற்றில் இந்த இறக்கம் போதாது. அப்போது பட் பிளேட் தோள்குழியில் பதியாமல் காறையெலும்பின் மேல் பாதியும் காற்றில் பாதியுமாகத் தொங்கும்.

மூன்றாம் அளவு ஸ்டாக் நீளத்துக்குத் தொடக்கப் புள்ளி, அவ்வளவுதான். துல்லியம் பிறகு வரும்.

பொருத்தும் வரிசை

வேலை தொடங்கும் முன்: ரைஃபிள் திறந்திருக்கிறதா, குழலில் பெல்லட் இல்லையா, பாதுகாப்புக் கொடிக் கயிறு (குழல் காலி என்று காட்டுவது) குழல் முழுவதும் ஓடி வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். ஆலன் சாவி கையில் இருக்கும்போது கவனம் திருகாணியில் இருக்கும், குழலின் வாய் யார் பக்கம் திரும்புகிறது என்பதில் இருக்காது.

கீழிருந்து மேலே போக வேண்டும்: ரைசர், பட் பிளேட், நீளம், சீக் பீஸ், கிரிப், கடைசியில் எடை. பலரும் சீக் பீஸில் தொடங்குகிறார்கள், ஏனென்றால் உறுத்துவது அங்கேதான் தெரியும். ஆனால் ரைசரை 5 மி.மீ. மாற்றினாலே சீக் பீஸ் வேலை எல்லாம் பழையபடி தொடங்க வேண்டும். அடித்தளம் போடாமல் ஜன்னலுக்கு வண்ணம் அடிப்பதுபோல.

*ரைசர்.* கணக்கில் வந்த உயரத்துக்கு வையுங்கள். ரைஃபிளை எடுத்து நிலைக்கு வந்து, கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறந்தால், கண் சைட்டின் உயரத்தில் இருக்க வேண்டும், தலை நேராக. முன்னால், பின்னால் எங்கே பூட்டுவது என்பது கையின் நீளத்தைப் பொறுத்தது. பெரும்பாலோருக்கு டிரிகர் கார்டை (டிரிகரைச் சுற்றியுள்ள வளையம்) ஒட்டியே வரும். முழங்கை இடுப்பெலும்பை விட்டு முன்னால் நழுவுகிறது என்றால் ரைசரைப் பின்னுக்கு இழுங்கள்.

கையை எப்படி வைப்பது என்பதில்தான் ஆளுக்கு ஒரு பாணி. முஷ்டி மடக்கினால் உயரம் அதிகம், மணிக்கட்டு நேர், குளிரான அரங்கிலும் விரல் நடுங்காது. ஆனால் தாங்கும் பரப்பு குறுகல். உள்ளங்கையை விரித்தால் பரப்பு அகலம், மணிக்கட்டு மடிந்து நோகும், உயரமும் குறையும். கட்டைவிரலும் இரு விரலும் கவட்டை போல விரிந்து தாங்குவது இரண்டுக்கும் நடுவில். முஷ்டிக்காரருக்குத் தட்டையான அடிப்பாகமுள்ள ரைசர் நல்லது. விரல் கவட்டைக்காரருக்கு ஓரங்கள் உருண்டது. ஸ்டாக்கோடு வரும் ரைசரை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை, இது தனியாகவும் கிடைக்கும்.

*பட் பிளேட்.* மேல் நுனியிலிருந்து கீழ் நுனி வரை தோளோடு முழுசாகப் படிய வேண்டும். இதை உணர்வால் மட்டும் நம்பாதீர்கள். நிலையில் நிற்கும்போது கூட இருப்பவர் ஒரு தபால் அட்டையைப் பட் பிளேட்டுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் நுழைத்துப் பார்க்கட்டும். மேலே நுழைந்தால் பட் பிளேட்டின் மேல்பகுதியைத் தோள் பக்கமாகச் சாயுங்கள். கீழே நுழைந்தால் கீழ்ப்பகுதியை.

பட் பிளேட் பாதிதான் படுகிறது என்றால் அதன் தடயம் தாளில் தெரியும்: குண்டுகள் மேலும் கீழுமாக நீண்டு விழும். சுட்ட பிறகு ரைஃபிள் துள்ளி, தானாகப் பழைய இடத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் துள்ளி ஒரே இடத்துக்குத் திரும்பினால் தொடர்பு சரி. ஒரு முறை மேலே, ஒரு முறை பக்கவாட்டில் என்று குதித்தால் தோள் தொடர்பு ஒவ்வொரு ஷாட்டுக்கும் மாறுகிறது. ஏர் ரைஃபிள் பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் அளவில்தான் போகிறது. டிரிகர் விழுந்த பிறகும் சில மில்லிவினாடி அது குழலுக்குள்ளேயே இருக்கும். அந்தச் சில மில்லிவினாடியில் ரைஃபிளைப் பிடித்திருப்பது தோளும் கன்னமும்தான்.

*நீளம்.* மூன்றாம் அளவில் தொடங்கி 5 மி.மீ. 5 மி.மீ.யாக நகர்த்துங்கள். நீளம் கூடினால் வலது தோள் பின்னுக்குத் தள்ளப்படும், உடம்பு முறுக்கிக்கொள்ளும், ரைஃபிளைத் தூக்கும்போது பட் பிளேட் அக்குளில் மாட்டும். நீளம் குறைந்தால் மூக்கு பின் சைட்டுக்கு அருகில் போகும், வலது மணிக்கட்டு உள்ளே மடியும். கண்ணுக்கும் பின் சைட் ஓட்டைக்கும் இடையில் 5 முதல் 10 செ.மீ. இருப்பது வழக்கம். ஆனால் அந்த இடைவெளியைச் சரிசெய்ய ஸ்டாக் நீளத்தை மாற்றாதீர்கள். சைட்டைத் தண்டவாளத்தில் நகர்த்துங்கள். நீளம் தோளுக்கும் கைக்கும் உரியது.

*சீக் பீஸ்.* இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் புள்ளி போவது இங்கேதான். கண், பின் ஓட்டையின் நடு, முன் வளையத்தின் நடு, இலக்கின் கறுப்பு வட்டம், நான்கும் ஒரே கோட்டில் வர வேண்டும். முன்னும் பின்னும் உள்ள சைட்டுகளுக்கு இடையே 70 செ.மீ. என்று வையுங்கள். கன்னம் சரியாகப் படியாமல் பார்வை பின் ஓட்டையின் நடுவை விட்டு 0.1 மி.மீ. விலகினால், 10 மீட்டர் தொலைவில் பெல்லட் ஏறக்குறைய 1.3 மி.மீ. தள்ளி விழும். இலக்கில் வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ. ஆகவே 10.6 புள்ளி வர வேண்டியது 10.1 ஆகும். முன் வளையத்துக்குள் கறுப்பு வட்டம் அழகாக நடுவில்தான் தெரியும். சுட்டவருக்கு எங்கே தப்பு என்றே புரியாது, டிரிகரைத் திட்டிக்கொண்டிருப்பார்.

பொருத்தும் முறை: நிலைக்கு வந்து கண்ணை மூடுங்கள். தலையின் எடையை மட்டும், அழுத்தாமல், சீக் பீஸில் இறக்குங்கள். கண்ணைத் திறங்கள். பின் ஓட்டைக்குள் முன் சைட்டின் குழாய் ஒரே தடிமனுள்ள ஒளி வளையம் சூழத் தெரிய வேண்டும். வளையம் மேலே தடித்துத் தெரிந்தால் கண் உயரம் தவறு, பக்கவாட்டில் தடித்தால் சீக் பீஸ் பக்கவாட்டில் நகர வேண்டும். எந்தப் பக்கம் என்று யோசித்துக் குழம்ப வேண்டாம்: தலையை மெல்ல அசைத்து எங்கே வளையம் சரியாகிறது என்று பாருங்கள், சீக் பீஸை அந்தப் பக்கம் 2 மி.மீ. கொண்டு போங்கள். பத்து முறை கண்ணை மூடித் திறந்ததில் எட்டு முறையாவது சரியாக வந்தால் திருகாணியை இறுக்கலாம்.

கன்னத்தை அழுத்தினால்தான் வளையம் சரியாகிறது என்றால் சீக் பீஸ் உயரம். தாடையைத் தூக்கி மிதக்க வைத்தால்தான் சரியாகிறது என்றால் தாழ்வு. இரண்டு நிலையிலும் முதல் 20 ஷாட் நன்றாகப் போகும். தசை சோர்ந்த பிறகு குரூப் (குண்டுகள் சேர்ந்து விழும் இடம்) மெல்ல ஒரு பக்கம் நகரத் தொடங்கும், சைட்டில் கிளிக் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

*கிரிப்.* நடுவிரலும் மோதிர விரலும் நேர் பின்னால் இழுக்கின்றன, கட்டைவிரல் சும்மா இருக்கிறது, ஆள்காட்டி விரல் ஸ்டாக்கில் எங்கும் உரசாமல் பிளேடை 90 பாகையில் தொடுகிறது. இது அமைந்தால் கிரிப் சரி. விரல் எட்டவில்லை என்று கிரிப்பை முன்னால் நெருக்காதீர்கள், முதலில் டிரிகர் பிளேடை அதன் தடத்தில் பின்னுக்கு நகர்த்திப் பாருங்கள். சின்னக் கைக்குப் பெரிய கிரிப் வந்தால் கை முழுவதும் வலப்பக்கம் சுழன்று, டிரிகர் விழும் நொடியில் ரைஃபிளையும் கூடவே திருப்பும். கிரிப் அளவு எஸ், எம், எல் என்று வரும். ஜாக்கெட் அளவைச் சொல்லிக் கிரிப் வாங்காதீர்கள், பிடித்துப் பாருங்கள். மரக் கிரிப்பென்றால் உப்புத்தாளால் தேய்த்தும், மரத்தூள் கலந்த எபாக்சி மாவு அப்பியும் கைக்கு ஏற்ப வடித்துக்கொள்ளலாம். இது பழைய வித்தை, இன்னும் பலர் செய்கிறார்கள்.

*எடை.* முழு ரைஃபிளுக்கும் சைட்டோடு சேர்த்து மேல்வரம்பு 5.5 கிலோ. புதியவர் அந்த வரம்பைத் தொட வேண்டிய அவசியமில்லை. எடை கூடினால் நடுக்கம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் 40-வது ஷாட்டுக்குப் பிறகு முதுகு அந்த உண்மையை ஒத்துக்கொள்ளாது. பதின்ம வயதினருக்கு இடுப்பும் முதுகும் இன்னும் முற்றாத காலம். நாலு கிலோ அளவில் தொடங்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை 100 கிராம் கூட்டினால் போதும்.

மொத்த எடையைவிட எடை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ரைஃபிளை ஒரு விரலில் நிறுத்தி, சமநிலைப் புள்ளியில் ஒரு டேப் துண்டு ஒட்டுங்கள். அது தாங்கும் கைக்கு நேர்மேலோ, ஓரிரு விரல் முன்னாலோ இருக்கட்டும். பின்னால் போனால் குழலின் வாய் இறகுபோல் மிதக்கும், இதயத் துடிப்பெல்லாம் சைட்டில் தெரியும். மிக முன்னால் போனால் முதுகைப் பின்சாய்த்து ஈடுகட்ட வேண்டி வரும். காற்றுச் சிலிண்டர் அலுமினியமா, எஃகா என்பதும் இந்தக் கணக்கை மாற்றும், சிலிண்டர் மாற்றினால் டேப்பையும் மாற்றி ஒட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததா என்று எப்படித் தெரியும்

நிலைக்கு வந்து இலக்கைப் பார்த்து நில்லுங்கள். கண்ணை மூடி மூன்று மூச்சு. திறங்கள். ரைஃபிள் எங்கே பார்க்கிறதோ அதுதான் உங்கள் உடம்பு விரும்பும் இடம். இடமோ வலமோ விலகியிருந்தால் ஸ்டாக்கைத் தொடாதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள். மேலே பார்த்தால் பட் பிளேட்டைச் சிறிது கீழே இறக்குங்கள், அதனால் ஸ்டாக்கின் பின்பகுதி உயர்ந்து குழலின் வாய் தாழும். கீழே பார்த்தால் பட் பிளேட்டை ஏற்றுங்கள். கையால் இழுத்துப் பிடித்து நடுவுக்குக் கொண்டுவந்தால் டிரிகர் விழும் நொடியில் ரைஃபிள் தான் விரும்பிய இடத்துக்கே ஓடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மாற்றிய பிறகு பெல்லட் இல்லாமல் பத்து முறை வெறும் டிரிகர், பிறகு 20 ஷாட். மூன்று நாள் இப்படிச் செய்துவிட்டு முடிவெடுங்கள். புது அளவு முதல் நாள் எப்போதும் அந்நியமாக இருக்கும், சில சமயம் எப்போதும் இல்லாத அளவுக்கு நன்றாகவும் இருக்கும். இரண்டையும் நம்ப வேண்டாம்.

கடலூரில் பிறந்த ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் போன்றவர்களின் படத்தைப் பெரிதாக்கி, பட் பிளேட் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. இறுதிப் போட்டியில் நிற்கும் எட்டுப் பேரையும் வரிசையாகப் பாருங்கள், எட்டு ஸ்டாக்கும் எட்டு விதமாக நிற்கும். அடுத்தவர் செருப்பளவில் ஓடிப் பயன் இல்லை.

இப்போது மரமா, அலுமினியமா

மரத்தில் பீச், வால்நட் இரண்டும் வழக்கம். கைக்கு இதமானது, அதிர்வை விழுங்கும், விலை குறைவு. ஆனால் ஈரப்பதத்துக்கு அசையும். ஐப்பசி மழையில் சென்னையில் இறுக்கிய திருகாணி, சித்திரை வெயிலில் தளர்ந்து நிற்கும். மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டிய லேமினேட் இதில் எவ்வளவோ மேல், எடை கொஞ்சம் கூடுதல். அலுமினியம் ஈரத்துக்கு அசையாது, எல்லாப் பகுதியும் அளவுகோல் கோடுகளோடு நகரும், பாகம் பாகமாக மாற்றலாம். அதன் குறை அதன் நிறைவேதான்: நகர்த்த 15 திருகாணி இருந்தால் புதியவர் 15-ஐயும் நகர்த்துவார். ஸ்டாக் சரியில்லை என்று நினைத்து வாரம் ஒரு திருகாணியைத் திருகும் ஆள், மோசமான ஸ்டாக்கை மாற்றாமல் வைத்திருப்பவரைவிட மெதுவாகத்தான் முன்னேறுவார்.

எனவே முதல் மூன்று, நான்கு மாதம் கிளப் ரைஃபிள் போதும். அதில் உங்கள் அளவுகள் ஓரளவு நிலைத்த பிறகு வாங்குங்கள். ஜெர்மனியின் வால்தர், அன்ஷூட்ஸ், ஃபைன்வெர்க்பாவ், ஆஸ்திரியாவின் ஸ்டெயர் எல்லாமே ஒரே இயந்திரப் பகுதியை மர ஸ்டாக்கிலும் அலுமினிய ஸ்டாக்கிலும் விற்றிருக்கின்றன. ஆகவே பட்ஜெட் இறுக்கமாக இருந்தால், சீக் பீஸும் பட் பிளேட்டும் நகரும் ஒரு லேமினேட் ரைஃபிளைப் பழையதாக வாங்குவது நல்ல யோசனை. வளரும் பிள்ளைக்கு வாங்கினால் நீளம் இன்னும் 4 செ.மீ.யாவது கூட இடமிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.

பழையதை வாங்கும்போது தூக்கி அழகு பார்க்காதீர்கள். பட் பிளேட் தண்டைப் பிடித்து ஆட்டுங்கள். லேசாக ஆடினாலும் திருகாணி இறுகுமா, இல்லை மரை தேய்ந்துவிட்டதா என்று கேளுங்கள். கிரிப் பின்னால், திருகாணி நுழையும் இடங்களைச் சுற்றி, முடியளவு விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சீக் பீஸை மேல் எல்லை வரையும் கீழ் எல்லை வரையும் ஓட்டிப் பாருங்கள், வியர்வை உப்பு ஏறித் துரு பிடித்து நடுவிலேயே சிக்கியிருக்கும்.

ஸ்டாக்கை மட்டும் தனியாக வாங்கி மாற்றுவதென்றால், உங்கள் ரைஃபிள் மாடலுக்கென்றே செய்ததா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். திருகாணி இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி வேறு, "கொஞ்சம் தோண்டினால் உட்கார்ந்துவிடும்" என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். மாற்றும்போது முதலில் சிலிண்டரைக் கழற்றுங்கள். புது ஸ்டாக்கில் இயந்திரத்தை வைத்ததும் இரண்டு திருகாணியையும் விரலால் மட்டும் திருகி, ஆட்டம் இல்லாமல் தானாக உட்காருகிறதா என்று பாருங்கள். பிறகு கையேட்டில் போட்டிருக்கும் டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவுக்கு, முன்னொன்று பின்னொன்றாக, மாற்றி மாற்றி இறுக்குங்கள். 'நல்லா டைட்டா' என்பது அளவல்ல. அதிகமாக இறுக்கினால் மரம் நசுங்கும், அலுமினியத்தில் மரை போகும். இரண்டாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் டார்க் ரென்சால் மறுபடி சரிபாருங்கள்.

கடைசி வேலைக்குப் பெரிய செலவில்லை. எல்லா நகரும் பாகத்திலும், அது நிற்கும் இடத்தில், வெள்ளை பெயிண்ட் பேனாவால் மெல்லிய கோடு போடுங்கள். அளவுகோல் எண்களை ஒரு தாளில் எழுதுங்கள்: ரைசர் உயரம், ரைசர் நிற்கும் துளை, பட் பிளேட் உயரம், சாய்வு, ஸ்டாக் நீளம், சீக் பீஸின் உயரமும் பக்கமும், டிரிகர் பிளேட் இடம், சமநிலைப் புள்ளி. தேதி போட்டு ரைஃபிள் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். கிளப் ரைஃபிளை இன்னொருவர் எடுத்துவிட்டு வைத்தாலும், பயணத்துக்காகப் பிரித்துப் பூட்டினாலும், அந்தத் தாள் இருந்தால் ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம்.